சொல்லாமல் செய்த திருத்தம்

அந்த அஞ்சலட்டையைக் கொண்டுவரும் தபால்காரர் முதலில் ஒருமுறை சிரிப்பார். பிறகுதான் என்னிடம் நீட்டுவார். நீல ஸ்கெட்ச் பேனாவில், தேர்தலுக்குச் சுவரில் எழுதுகிற தடிமனில் எழுத்து. என் பெயரையும் என் ஊரான கொழிஞ்சாம்பாறையையும் எழுதி முடிப்பதற்குள் முகவரிக்கான இடம் தீர்ந்துபோய், பின்கோடின் கடைசி இரண்டு எண்கள் அட்டையின் ஓரத்தில் ஏறித் தொற்றிக்கொண்டிருக்கும். திருப்பினால் மூன்றே வரி. "பக்கம் நாலு. மேலிருந்து ஏழாவது வரி. தவறு. ஓட்டிப் பார்த்தேன்." வணக்கமும் கிடையாது, இப்படிக்கும் கிடையாது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் மட்டும்: எருத்தேன்பதி.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின்மேல், மற்றவர்கள் கட்சிமேலும் கிரிக்கெட்மேலும் வைக்கிற பித்தை வைத்தவர்கள். எல்லோரும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துத் தமிழர்கள். மலையாளத்தில் மனு எழுதி, தமிழில் சண்டை போடுகிறவர்கள். 'கருந்திரை' என்று ஒரு மாத இதழ் நடத்தினோம். கம்ப்யூட்டருக்கான கட்டளையை, அதாவது கமாண்டை, அடிக்கிற கறுப்புத் திரையின் பெயர்தான் இதழுக்கும். பதினாறு பக்கம். என்னுடைய ஜெராக்ஸ் கடையில் நானே தட்டச்சு செய்து, நானே அச்சடித்து, நானே ஸ்டேப்ளர் அடித்து, நானே ஆசிரியன் என்று போட்டுக்கொள்வேன். பெரும்பாலோர் போன் குழுவில் வரும் பிடிஎஃப்பைப் படித்தார்கள். காகிதம் வேண்டும் என்று அடம்பிடித்த சிலருக்குத் தபாலில் போகும்.

இதழை வெளியில் யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குள் ஒரு சட்டம் இருந்தது, அது கொடுமையான சட்டம். ஒரு கட்டுரையில் தவறு கண்டால் வாசகர் திருத்தக் கடிதம் எழுதலாம். எழுதுவதற்கு முன் அந்தக் கமாண்டைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். தவறு உறுதியானால், கட்டுரை எழுதியவர் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தக் கடிதத்தைத் தானே சத்தமாகப் படிக்க வேண்டும். வாயனசாலை என்று நாங்கள் சொல்கிற ஊர் நூலகத்தின் மாடியில் கூட்டம் நடக்கும். மற்றவர்கள் டீயும் பருப்புவடையுமாக உட்கார்ந்து ரசிப்போம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பாதிக் கடிதம் படித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார். இன்றுவரை தாகம் தீரவில்லை போலிருக்கிறது.

நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன். என் தவறுகள்தான் இருப்பதிலேயே அதிகம். ஆனால் நான் கடிதத்தைப் படிக்கிற விதத்தில், எழுதியவர்தான் கேலிக்கு ஆளாவார். எருத்தேன்பதிக்காரரின் அட்டையை நீதிமன்றத் தண்டோராக்காரன் குரலில் படிப்பேன். "பக்கம் நாலூஊஊ!" கூட்டம் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கும். பாலக்காட்டு டவுனில் அரிசி மண்டி வைத்திருக்கிற பாய் ஒருவர்தான் எங்கள் மூத்த உறுப்பினர். அவர் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "தம்பி, அந்த ஆள் சொன்னது சரியா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். சரியாகத்தான் இருக்கும். எப்போதும்.

அந்த ஆள் மோட்டார் வைண்டிங் செய்கிறவர் என்பது மட்டும் தெரியும். எங்கள் பக்கம் தென்னந்தோப்பு எல்லாம் போர்வெல்லை நம்பி நிற்பவை. மோட்டார் எரிந்தால் அவரிடம் போகும். வைண்டிங் அண்ணன் என்று சொல்வோம். மாதாமாதம் அவருடைய எழுத்து பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஒரு மாதம் வரிக்கு இரண்டே சொற்கள்தான் அடங்கின. நான் விடுவேனா? அந்த அட்டையை அப்படியே நகலெடுத்து ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டேன். கீழே குறிப்பு: "எங்கள் வாசகர் எழுத்தில் கத்துகிறார். காது கேட்கிறது என்று யாராவது போய்ச் சொல்லுங்கள்." அந்த இதழுக்குக் கிடைத்த பாராட்டுபோல வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அண்ணனிடமிருந்து அடுத்த வாரம் அட்டை வந்தது. "என் அட்டையைப் போட்டது பக்கம் ஒன்பது. பொருளடக்கத்தில் எட்டு. தவறு."

பிறகு ஒரு நாள், தவறு என்ற சொல்லே இல்லாத ஓர் அட்டை வந்தது. "காப்பு நகல் எடுப்பது எப்படி என்று எழுதவும். எனக்கு வேண்டும். இருபது வருட மோட்டார் வைண்டிங் குறிப்பு முழுக்க ஒரே டிஸ்கில் இருக்கிறது. பயமாக இருக்கிறது." எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, என்ன தடிமன் கம்பி, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு என்பதை ஒவ்வொரு வைண்டிங்காரரும் எழுதி வைத்திருப்பார், இவர் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். அந்த அட்டையைக் கடை மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இரண்டு வருடமாக என்னைக் குட்டியவர் என்னிடம் உதவி கேட்கிறார்! வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன்.

கட்டுரை எழுதினேன். பழைய டிஸ்குக்குப் 'பழசு' என்றும் வாங்கிவந்த காலி டிஸ்குக்குப் 'புதுசு' என்றும் பெயர் வையுங்கள், இந்த ஒரு வரியை அடியுங்கள், முடிந்தது. அந்தக் கமாண்ட் முதலில் சொன்ன இடத்தைப் பார்த்து, இரண்டாவது சொன்ன இடத்தை அச்சு அசலாக அதேமாதிரி ஆக்கும். முதலாவதில் இல்லாதது இரண்டாவதில் இருந்தால் அழித்துவிடும். நான் புதுசை முதலிலும் பழசை இரண்டாவதிலும் எழுதியிருந்தேன். அதாவது, ஒன்றுமில்லாத டிஸ்கைப் பார்த்து, எல்லாம் உள்ள டிஸ்கையும் ஒன்றுமில்லாததாக ஆக்கு. ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மற்றவர்களை நிற்க வைத்த சட்டத்தை எனக்கு வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகை ஆர்டர் நிறைய இருந்தது.

வியாழக்கிழமை காகிதப் பிரதிகளைத் தபாலில் போட்டேன். பிடிஎஃப்பும் போனது. வெள்ளிக்கிழமை காலை பாய் கூப்பிட்டார்.

"தம்பி, ஆறாம் பக்கம். எதுலேர்ந்து எதுக்குப் போகுது?"

"பழசுலேர்ந்து புதுசுக்கு, பாய்."

"நீ எழுதியிருக்கிறதைப் பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். அதன்பின் நான் செய்த முதல் காரியம், எழுந்துபோய்க் கடையின் ஷட்டரை இறக்கியது. பட்டப்பகலில், யாரும் துரத்தாமல். பிறகு ஜெராக்ஸ் மிஷினை அணைத்தேன். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. உள்ளே ஒரு வாடிக்கையாளர் ஆதார் நகலுக்காகக் காத்திருந்தார் என்பது, அவர் இருட்டில் "சேட்டா, நான் இவிடெயுண்டு" என்று மலையாளத்தில் குரல் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அவரை வெளியே விட்டுவிட்டு மறுபடி இறக்கினேன். குழுவில் "அவசரத் திருத்தம்" என்று தட்டினேன். அழித்தேன். "சிறு விளக்கம்" என்று தட்டினேன். அதையும் அழித்தேன். எழுந்து நின்று படிப்பவனாக என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். தண்டோராக்காரன் குரல் வரவில்லை. கடைசியில், பிடிஎஃப்பில் அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேன். "படங்கள் தெளிவாக்கப்பட்ட பதிப்பு" என்று எழுதினேன். பன்னிரண்டு கட்டைவிரல்கள் வந்தன.

தபாலில் போன பிரதிகள்? வைண்டிங் அண்ணனின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. விரல் அதன்மேல் போகவில்லை. அவர்தான் எதையும் சந்தேகப்படுகிற ஆளாயிற்றே, படித்ததுமே கண்டுபிடித்துவிடுவார், அட்டை வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அட்டை வரட்டும் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பயம் மெல்லக் கழன்று, அந்த இடத்தில் சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. அடுத்த இதழில் திருத்தப் பக்கத்தைக் காலியாக விட்டு, நடுவில் ஒரே வரி போட்டேன்: "இம்மாதம் தவறு இல்லை. எருத்தேன்பதி தோற்றது." அந்த மாதக் கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். படி இறங்கும்போது பாய் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அந்த ஆள் எழுதாம இருக்க மாட்டாரு தம்பி. ஒண்ணு மவுத்தாப் போயிருக்கணும். இல்ல, உன் கமாண்டை ஓட்டியிருக்கணும்."

முதலாவதாக இருக்கக் கூடாதா என்று ஒரு விநாடி நினைத்தேன். இதை எழுதுகிறபோது கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

மறுநாள் எருத்தேன்பதிக்குப் போனேன். ரோட்டோரத்துத் தகரக் கொட்டகை, வாசலில் எரிந்த மோட்டார்கள், வார்னிஷ் வாசனை. அண்ணன் கீழே உட்கார்ந்து, வெட்டி எடுத்த ஒரு கம்பிக் கட்டைக் கையில் வைத்து, ஒவ்வொரு கம்பி முனையாக விரலால் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, அவர் சொல்கிற எண்ணைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றும் அண்ணன் நிமிரவில்லை. "அண்ணா" என்றதும்தான் முகம் திரும்பியது, அதுவும் எனக்குச் சற்று இடப்பக்கமாக.

"அட, ஆசிரியர் தம்பீங்களா? வாங்க வாங்க. ஏனுங்க நிக்கறீங்க, உக்காருங்க."

"இவருதானா?" என்றார் அக்கா. "எழுத்து பெருசா இருக்குதுன்னு புக்குல போட்டுச் சிரிச்ச தம்பி? கண்ணு போனா எழுத்து பெருசாகுமுங்க தம்பி. அது கத்தறதில்லைங்க."

கண்ணில் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மூன்று வருடமாம். பென்சிலில் எழுதிய பழைய நோட்டுகளைப் படிக்க முடியாமல்தான் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறார். அதில் எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இரண்டு வருடம் லென்ஸ் வைத்துப் படித்துப் படித்து ஏற்றியிருக்கிறார். ஏற்றி முடித்த நோட்டுகளைக் கிழித்து வார்னிஷ் துடைத்துத் தீர்த்தாயிற்று.

"உங்க கட்டுரை வந்துச்சுங்க. அப்படியே பாத்துப் பாத்து அடிச்சனுங்க. பழசும் காலி, புதுசும் காலி." அவர் சிரித்தார். "உங்களுக்கு எழுதலாம்னுதான் அட்டைய எடுத்தேன். காயிதப் புக்கு அதுக்குள்ள வார்னிஷ் தொடைக்கப் போயிருந்துச்சுங்க. மக கோயமுத்தூர்லருந்து வந்தா. என் போன்ல, குழுவுல வந்த உங்க புக்கை எடுத்துப் பாத்தா. அதுல சரியாத்தான் இருக்குதுங்கறா. பழசு முன்னால, புதுசு பின்னால. நாந்தான் மாத்திப் பாத்துட்டேன். கண்ணு பொய் சொல்லிப்போடுச்சுங்க. பொறகு எந்த மூஞ்சியோட உங்களுக்குத் தவறுன்னு எழுதறது?"

அந்தப் போனில் அவர் மகள் பார்த்தது, வெள்ளிக்கிழமை ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் மாற்றியது.

"அடுத்த மாசத்தோட கடைய மூடறதுங்க" என்றார் அக்கா. "எழுத்தையே மாத்திப் பாக்கறவரு, நாளைக்கு வயரை மாத்திப் பாத்தா என்ன பண்றது? மக ஒரே புடியா நிக்கறா. குறிப்பும் போச்சு. இவருக்கே தெகிரியம் போயிருச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். என் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது இது: "கண்ணு ஏமாத்தறது சகஜம்தாண்ணா. நானெல்லாம் பொண்ணு பாக்கப் போனப்பவே ஏமாந்தவன்." அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நான் டீ குடித்தேன். டம்ளரைக் கழுவியும் வைத்தேன், ஏதோ அதில் கைரேகை இருப்பதுபோல. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை, மிச்சமிருந்த காகிதப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். நான்கு விதமாகத் தொடங்கினேன், நான்கிலும் ஒரு நகைச்சுவை வந்தது. கடைசியில் பேச்சே இல்லாமல் பிரதியை அவர் கையில் கொடுத்து, "ஆறாம் பக்கம். உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. தப்பு என்னுது. போன்ல இருக்கிறதை நான் பின்னாடி மாத்தினேன்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. லென்ஸைக் கேட்டார். பக்கத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கு படுகிற தூரத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக நகர்ந்தார். அந்த வரியைக் கடக்க அவருக்கு ஆன நேரத்தில் நான் ஒரு இதழையே அச்சடித்திருப்பேன். பிறகு நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இந்தா புள்ள, இங்க பாரு! புதுசுதான் முன்னால இருக்குது! நான் சரியாத்தான் பாத்திருக்கறேன்!"

அக்கா வந்து பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் பரீட்சையில் தேறியவர்கள்போல நின்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று நானும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"எப்பங்க மாத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நான் ஓட்டுனது ஞாயித்துக்கிழமைங்க."

இடையில் இருந்த சனிக்கிழமை முழுவதும் அந்தக் கொட்டகைக்குள் வந்து நின்றது. அக்காதான் பேசினார். "நம்பர் இருந்துச்சில்ல தம்பி உங்ககிட்ட?" நான் ஆமாம் என்றேன். "ஒரு போனு" என்றார்.

அண்ணன் ஒரு வெற்று அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பேனா இல்லைன்னா இதோ." அவர் சொல்லச் சொல்ல, என்மேலான திருத்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதினேன். பெரிய எழுத்தாக எழுதச் சொன்னார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "பக்கம் ஆறு. மூன்றாவது வரி. தவறு. ஓட்டிப் பார்த்தேன். இருபது வருடக் குறிப்பு போனது. இரண்டாவது: தவறு தெரிந்தும் ஆசிரியர் யாருக்கும் சொல்லாமல் மாற்றினார். மூன்றாவது: எருத்தேன்பதி தோற்கவில்லை." நான் என் சொந்தக் குரலில்தான் படித்தேன். முதல் வரியிலேயே சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து நின்றால் சிரிக்க வேண்டும் என்று நான்தானே பழக்கியிருந்தேன். இரண்டாவதற்கு ஒருவர் தொடையில் தட்டினார். "பிரமாதம் ஓய், மூஞ்சியப் பாரு!" என்றார் கல்பாத்தியிலிருந்து வருகிற உறுப்பினரான பேங்க்காரர். நான் அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததற்குத் தனியாகக் கைதட்டல் கிடைத்தது. நான் பாயைப் பார்த்தேன். அவர் தன் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார். ஒரு கை முன்னால் இருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்தது. "இன்னொருக்காப் படிங்க தம்பி" என்றார். அந்தக் கை நாற்காலியைத் தேடியதைக் கூட்டம் பார்த்தது. நான் மறுபடி படித்தேன். இந்த முறை கீழே ரோட்டில் சித்தூர் பஸ் ஹாரன் அடித்தது மட்டும் கேட்டது. படித்து முடித்ததும் அவர், "அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அண்ணன் கடையை மூடவில்லை. கருந்திரை வருகிறது, எருத்தேன்பதியிலிருந்து அட்டை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எரிந்து வருகிற மோட்டார்களின் கம்பியை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, குறிப்பைப் புதிதாகச் சேர்க்கும் வேலை. என் கண்ணுக்குப் பழுதில்லை, மூக்குக்கண்ணாடிகூடக் கிடையாது. ஒவ்வொரு கட்டையும் இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறேன். "அப்படீங்களா" என்பார் அண்ணன். பிறகு என் கையிலிருந்து கம்பிக் கட்டை வாங்கி, முதல் முனையிலிருந்து விரலால் தள்ளித் தள்ளி அவரே எண்ணுவார். பெரும்பாலும் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அவர் எண்ணி முடிக்கும்வரை அக்கா என் எண்ணைத் தரையில் குறிக்காமல் சாக்பீஸோடு காத்திருப்பார்.